தொண்ணூற்றொன்பது கோலும் ஒரு தட்டுக் கறியும்

ஹயாசே அடித்த தொண்ணூற்றொன்பது கோல்களில் பதினான்குக்கு மறுநாள் செய்தித்தாளில் வந்த படங்களை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஓரமாக ஒருவர் புல்தரையில் உட்கார்ந்திருப்பார். ஹயாசே கைகளை விரித்துக்கொண்டு ஓடுவான். இவர் சில்லறையைத் தொலைத்தவர்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் தொகிதா. ஷியோஹமா அணியின் நான்காம் எண். வயது முப்பத்தொன்பது. எதிரணி ஆளைக் கோல் அடிக்கவிடாமல் தடுப்பது அவர் தொழில். அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைக்கும்போது சில சமயம் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

அந்தப் பதினான்கு படங்களையும் அவர் மனைவி யோரிகோ வெட்டி ஒரு ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தாள். விருந்தாளிகள் வந்தால் கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் அதைத்தான் எடுத்து நீட்டுவாள்.

"உட்கார்ற விதத்துல ஒரு முன்னேற்றம் தெரியுதுங்க" என்பாள். "முதல் படத்துல பொத்துனு விழுந்திருக்கீங்க. இதுல பாருங்க, நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி அம்சமா இருக்கீங்க."

"அனுபவம்" என்பார் தொகிதா.

ஹயாசே அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்தவன். ஒரே பள்ளி, ஒரே கால்பந்துக் குழு, ஒரு வருடம் இளையவன். அங்கே சட்டம் எளிமையானது. இளையவன் பந்து பொறுக்க வேண்டும், பெரியவர்களின் ஷூவைத் துடைக்க வேண்டும், பயிற்சி முடிந்ததும் மண் மைதானத்தை மரச்சட்டம் இழுத்துச் சமப்படுத்த வேண்டும். பெரியவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சேர்ந்து சாப்பிடப் போனால் காசு கொடுக்க வேண்டும். சாகும்வரை.

ஹயாசே சேர்ந்த முதல் நாள், ஒருவரை ஒருவர் தாண்டிக் கோல் அடிக்கும் பயிற்சியில் தொகிதாவின் எதிரே நின்றான். தோள் உயரம்கூட இல்லாத பொடியன். பந்து வரும் நேரத்தில் குனிந்து, நழுவிய காலுறையை இழுத்துவிட்டான். 'பாவம், சரி செய்துகொள்ளட்டும்' என்று தொகிதா மரியாதையாகக் காத்திருந்தார். மரியாதை முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. அவர் தரையில் கிடந்தார். எப்படி விழுந்தார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் கடையில் நின்று, ஆவி பறக்கும் கறி பன் ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுத்தார். பெரியவர் ஆயிற்றே.

"ரொம்ப நன்றிண்ணே" என்று இடுப்புவரை குனிந்து வாங்கிக்கொண்டான் ஹயாசே. காலுறை இரண்டும் முழங்கால்வரை விறைப்பாக நின்றன. நழுவுகிற காலுறையே இல்லை அது.

தந்திரம் என்னவென்று அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? மழை வரும் என்று தெரிந்தே குடை இல்லாமல் போகிறவர்போல இருபத்திரண்டு வருடமாக அந்தக் காலுறைக்கு அவர் விழுந்துகொண்டிருக்கிறார். அவன் கை முழங்காலுக்குக் கீழே போனால் போதும், தொகிதாவின் கண் தானாகப் பின்னாலேயே போகும். கண் போன கணத்தில் ஆள் போயிருப்பான்.

இப்படிப்பட்டவன் பெரிய ஆளாக வருவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பதினெட்டு வயதில் ஒரு பெருநகர அணி அவனை முதல் பிரிவுக்கு எடுத்தது. மூன்று வருடம். மொத்தம் ஏழு ஆட்டங்கள், எல்லாமே கடைசிப் பத்து நிமிடம். கோல் பூஜ்யம். பிறகு இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே அவன் அடித்த முதல் கோலின் படத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

இருபத்தைந்தில் வலது முழங்கால் போயிற்று. தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை. தொகிதா மூன்று மணி நேர ரயிலேறி, டப்பாவில் சுட்ட கறியோடு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனார். படுக்கை காலியாக இருந்தது. பின்கட்டில் துணி உலர்த்தும் இடத்தில், வலது காலில் இரும்புப் பட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இடது காலால் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான் ஹயாசே.

"டேய், என்னடா பண்றே?"

"இதுக்கு வேலையே கொடுத்ததில்லண்ணே. இவ்வளவு நாளா சும்மா கூடவே வந்துட்டு இருந்துச்சு. இப்பதான் பேசிப் பழகறோம்" என்று இடது காலைக் காட்டினான். "ஒரு நாளைக்கு இருநூறு."

ஒன்பது மாதம் கழித்துத் திரும்பி வந்தான். அந்த வருடம் பதினொரு கோல். ஒன்பது இடது காலால். அதில் இரண்டுக்குத் தொகிதா பக்கத்திலேயே இருந்தார், உட்கார்ந்தபடி.

முப்பத்தொன்றில் அணி அவனை விட்டது. அதே நவம்பரில் தொகிதாவையும் அவர் அணி விட்டது. வேலை போன ஆட்டக்காரர்கள் எல்லோரும் டிசம்பரில் ஒரு மைதானத்தில் கூடி, அணிக்காரர்கள் முன்னால் விளையாடிக் காட்ட வேண்டும். கொட்டும் மழையில், முதுகில் எண் எழுதிய துணியைக் குத்திக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக்கொண்டு ஐம்பது பேர் ஓடினார்கள். யாரோ புண்ணியவான் ஹயாசேயைத் தடுக்கத் தொகிதாவை நிறுத்தினான். காலுறை. சேறு. கோல். மினாகுரா அணி அன்றே ஹயாசேயை எடுத்துக்கொண்டது.

அதிசயம் என்னவென்றால், ஷியோஹமா அணி தொகிதாவையும் எடுத்துக்கொண்டது. ஏன் என்று அப்போதைய பயிற்சியாளரை ஒருமுறை தைரியமாகக் கேட்டார்.

"விழுந்தப்புறம் எழுந்திருச்சீங்க பாருங்க, அந்த வேகம்" என்றார் பயிற்சியாளர். "அம்பது பேர்ல யாருக்கும் இல்ல. ரொம்பப் பழகின மாதிரி இருந்துச்சு."

இரண்டு ஊருக்கும் ஒன்றரை மணி நேர ரயில். வருடத்துக்கு இரண்டு ஆட்டம். ஆட்டம் முடிந்தால் இருவரும், மேசையிலேயே கரியடுப்பு வைத்துக் கறி சுட்டுச் சாப்பிடும் கடைக்குப் போவார்கள். இளையவன் இடுக்கியைப் பிடித்துக் கறியைப் புரட்டுவான். பெரியவர் சாப்பிடுவார், கடைசியில் காசு கொடுப்பார். கோல் வாங்குவதும் தானே, கறி வாங்குவதும் தானே என்று தொகிதா வீட்டில் புலம்புவார். ஆனால் அந்தப் புலம்பலில் ஒரு பெருமை இருப்பது யோரிகோவுக்குத் தெரியும். அவன் எவ்வளவு சாப்பிடுகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான், பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் இடது காலால் இருபது பந்து அடிக்காமல் மைதானத்தை விடுவதில்லை என்பதையெல்லாம் சொந்தத் தம்பி கதைபோலச் சொல்வார்.

இந்த நவம்பரில் ஹயாசே விடைபெறுவதாக அறிவித்தான். வயது முப்பத்தெட்டு. கோல் தொண்ணூற்றொன்பது. மீதி ஒரே ஒரு ஆட்டம், மினாகுராவில், ஷியோஹமாவுக்கு எதிராக. இரண்டு அணியும் பட்டியலின் நடுவில் கிடந்தன. யார் ஜெயித்தாலும் யாருக்கும் லாபமில்லை, நஷ்டமில்லை. அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் மிச்சம்: அந்த நூறு.

அதற்குக் குறுக்கே நிற்கப்போகிறவர் தொகிதா.

முந்தின நாள் பயிற்சியில் கோல்கீப்பர் குவாடா பேச்சை எடுத்தான். இருபத்து மூன்று வயது, வாய்க்கும் மூளைக்கும் நடுவில் கதவு இல்லாத பையன்.

"தொகிதாண்ணே, பேஸ்பால்ல பந்து வீசறவர் ஒருத்தர் ஓய்வு பெறும்போது, அவரோட கடைசிப் பந்துக்கு எதிராளி வேணும்னே மட்டையைச் சும்மா காத்துல வீசிட்டுப் போவான்ல? மரியாதைக்கு. எல்லாரும் அழுவாங்க. எங்கப்பா டிவி முன்னாடி தேம்பித் தேம்பி அழுவார்."

"அதுக்கு?"

"சும்மா சொன்னேன். எனக்கென்ன, நான் பிடிக்கத்தான் போறேன். எங்கம்மாவே அடிச்சாலும் பிடிப்பேன்."

தொகிதா திட்டி அனுப்பினார். ஆனால் அந்தப் பேச்சு அவர் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டது. ராத்திரிச் சாப்பாட்டில் மீனைக் கிளறிக்கொண்டே யோசித்தார். இருபத்திரண்டு வருடம் அவனுக்கு என்ன செய்திருக்கிறோம்? பன், கறி, பீர். எந்தப் பெரியவனும் செய்வது. இப்போது அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் தன் கைவசம். கதவைத் திறந்துவிட வேண்டாம். தாழ்ப்பாள் போட மறந்தால் போதும். அரை அடி. மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான், குவாடாவும் சும்மா நிற்கப்போவதில்லை. இது தவறா? பெரியவன் வாங்கிக் கொடுப்பதுதானே வழக்கம்?

"என்னங்க, மீனோட பேச்சுவார்த்தையா?" என்றாள் யோரிகோ.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ஆல்பத்துக்குப் பதினஞ்சாவது படம் வரும்" என்றார்.

மினாகுராவில் மறுநாள் மதியம் நல்ல வெயில், எலும்பில் இறங்கும் குளிர். ஏழாயிரம் பேர். கோலுக்குப் பின்னால் ரசிகர்கள் ஒரு பெரிய துணிப் பதாகையைப் பாய்போலச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே 'நூறு' என்று எழுதியிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஹயாசேவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அத்தனை பேரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் கண்டிருந்தான். காணாததுபோல அவனும் ஆகாயத்தைப் பார்த்தான்.

அறுபத்து மூன்றாவது நிமிடம். கோலுக்கு அருகே, இடது பக்கமாகப் பந்து ஹயாசேயிடம் வந்தது. முதுகில் தொகிதா. குவாடா வலப்பக்கக் கம்பத்தோடு ஒட்டி நின்றான். ஹயாசே திரும்பினான். தொகிதா வலது காலை முன்னால் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அரை அடி. பொறுமையாக, பழுதில்லாமல், உலகத்தில் ஒருவனைத் தவிர யாருக்கும் தெரியாதபடி வைக்கவில்லை.

அந்த ஒருவன் பந்தின் மேல் காலை வைத்து நின்றுவிட்டான்.

எதிரே இடைவெளி. அவனுடைய இடது காலுக்கென்றே வெட்டித் தைத்த இடைவெளி. பதாகைக்காரர்கள் துணியை இரண்டு சுற்று அவிழ்த்துவிட்டார்கள். ஹயாசே அந்த இடைவெளியைப் பார்த்தான். பிறகு தொகிதாவின் முகத்தைப் பார்த்தான். தொகிதா வேறெங்கோ பார்த்தார். ஹயாசே பந்தைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மெல்லத் தட்டி, கோலுக்கு மூன்றடி தள்ளி வெளியே அனுப்பினான்.

ஏழாயிரம் பேர் ஒரே மூச்சாக "ஆ..." என்றார்கள். பதாகையை மறுபடி சுருட்டினார்கள். முதல் வரிசையில் ஒரு பெரியவர் "வயசாயிடுச்சு, பாவம்" என்று சொன்னது தொகிதாவின் காதில் தெளிவாக விழுந்தது.

குவாடா பந்தெடுக்கப் போயிருந்தான். ஹயாசே பக்கத்தில் வந்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் குரல் இப்படி இருந்து தொகிதா கேட்டதில்லை.

"அண்ணே. அது என்ன?"

"எது?"

"உங்க வலது கால். எங்க போச்சு?"

"வழுக்கிடுச்சுடா."

"பொய் சொல்லாதீங்க. நீங்க விழறது எனக்குத் தெரியாதா? உங்களை உங்க சம்சாரத்தைவிட அதிக தடவை கீழ தள்ளினவன் நான். நீங்க ஒரு தடவைகூடச் சும்மா விழுந்ததில்ல. ஒவ்வொரு தடவையும் கடைசிவரைக்கும் முட்டிட்டுத்தான் விழுந்தீங்க."

தொகிதா தன் வலது காலைப் பார்த்தார்.

"கறி வாங்கிக் கொடுங்க, சாப்பிடறேன். பன் வாங்கிக் கொடுங்க, சாப்பிடறேன். கோல் வாங்கிக் கொடுக்காதீங்கண்ணே." மூச்சை இழுத்துக்கொண்டான். "இப்ப ஒண்ணு இப்படி வாங்கிட்டா, பின்னாடி இருக்கற பதினாலையும் நான் சந்தேகப்படணும். அது எனக்குக் கட்டுப்படியாகாது."

சொல்லிவிட்டு, பெரியவரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று ஞாபகம் வந்ததுபோல, நடு ஆட்டத்தில் சட்டென்று ஒருமுறை தலை குனிந்துவிட்டு ஓடிப்போனான். நடுவர் இருவரையும் வினோதமாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தொகிதா ஆடிய இருபத்தைந்து நிமிடம் அவமானத்தால் ஆடியது. காது மடல் எரிந்தது. அந்தக் கிழவர் சொன்ன "பாவம்" உண்மையில் யாருக்குச் சேர வேண்டியது என்று அவருக்குத் தெரியும். ஒரு மனிதன் முழங்காலை அறுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து தினம் இருநூறு பந்து அடித்து, மழையில் துணி எண் குத்தி ஓடிச் சேர்த்த கணக்கு அது. அதில் போய் ஒரு கள்ள நாணயத்தைப் போடப் பார்த்தோமே. ஹயாசேயின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. அதனால் பந்தை மட்டும் பார்த்தார்.

எண்பத்தெட்டாவது நிமிடம். வலது ஓரத்திலிருந்து பந்து வளைந்து வந்தது. தொகிதாவின் பக்கத்தில் ஹயாசே குனிந்தான். அவன் கை காலுறைக்குப் போனது.

தொகிதா அதைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்ற சாமர்த்தியத்தால் அல்ல, பார்க்க வெட்கப்பட்டதால். அவர் கண் பந்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பந்து எங்கே விழும் என்பது, யாரும் மறைக்காத ஒன்றைப்போல, அத்தனை வெளிச்சமாகத் தெரிந்தது. இவ்வளவுதானா இது என்று ஒரு கணம் தோன்றியது.

ஹயாசே பாய்ந்தான். முப்பத்தெட்டு வயதுப் பாய்ச்சல், ஆனாலும் பாய்ச்சல். இடது கால் பந்தைத் தொட்டது. சுத்தமான அடி, குவாடா கைக்கு எட்டாத அடி. அதே நொடியில் முப்பத்தொன்பது வயதின் வலது கால் பெருவிரல் அதன் வழியில் போய் நின்றது. பந்து விரலில் பட்டு எழும்பி, குறுக்குக் கம்பியில் டங் என்று மோதி, பின்னால் இருந்த விளம்பரப் பலகைக்கு மேல் போய் விழுந்தது.



ஹயாசே புல்தரையில் உட்கார்ந்திருந்தான். தொகிதா நின்றுகொண்டிருந்தார். இந்தக் காட்சி இருவருக்குமே பழக்கமில்லாததால் சிறிது நேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அண்ணே" என்றான் ஹயாசே கீழிருந்து. முகம் முழுக்கச் சிரிப்பு. "இந்தக் காலை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"எனக்கே தெரியாதுடா" என்றார் தொகிதா. கையை நீட்டி அவனைத் தூக்கிவிட்டார். "மன்னிச்சுடு."

"முதல்ல பண்ணினதுக்கா, இப்பப் பண்ணினதுக்கா?"

"முதல்ல பண்ணினதுக்கு."

"அப்ப சரி" என்றான் ஹயாசே. "வாங்க, கார்னர் வருது. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

அந்த இரண்டு நிமிடத்திலும் அவன் ஓடினான். கோல் விழவில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

பதாகைக்காரர்கள் நால்வர் வேலிக்கு வந்து, முன்கூட்டியே எழுதியதால்தான் ராசி கெட்டுப்போயிற்று என்று ஹயாசேயிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். அடிக்காமல் போனதற்கு அவன் தலை குனிந்தான். அவர்கள் இன்னும் தாழக் குனிந்தார்கள். அவனும் குனிந்தான். போட்டி முடிவதாக இல்லை. கடைசியில் அவன் மனைவி பூங்கொத்தோடு வந்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு அணியும் சேர்ந்து அவனைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். மூன்று முறை. கீழே நின்ற கைகளில் இரண்டு தொகிதாவுடையவை. கனமில்லாத ஆள்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவன் கீழே வரும்போது, எங்கே விட்டுவிடுவோமோ என்று அவர் பயந்து பயந்து பிடித்தார்.

ஷியோஹமா பஸ் அவர் இல்லாமலே கிளம்பிப்போயிற்று. பயிற்சியாளரிடம் ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஐந்து மணிக்கு ஸ்டேஷன் பின்னால் கறிக்கடை திறந்ததும் முதல் ஆளாக இருவரும் போய் உட்கார்ந்தார்கள். ஹயாசே வழக்கம்போல இடுக்கியை எடுத்தான். நாக்குக் கறி, விலாக் கறி, பீர். யோரிகோவிடமிருந்து செய்தி வந்தது: 'டிவில பாத்தேன். நின்னுட்டு இருக்கீங்க! உடம்புக்கு ஒண்ணுமில்லையே?' அதை அவனிடம் காட்டினார். புரை ஏறச் சிரித்தான்.

முடிந்ததும் தொகிதா பர்ஸை எடுத்தார். அதற்குள் ஹயாசே பில்லை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"டேய், கொடு."

"இன்னைக்கு நான்."

"என்னடா இது புதுப் பழக்கம்? நான் பெரியவன்டா. வெளிய தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க? கொடுடா."

"அண்ணே, இன்னைக்கு யாரு ஜெயிச்சது?"

"பூஜ்யத்துக்குப் பூஜ்யம்."

"நமக்குள்ள யாரு ஜெயிச்சது?"

தொகிதா பில்லுக்காகக் கையை நீட்டினார்.

"தோத்தவன்தானே காசு கொடுக்கணும்?" என்றான் ஹயாசே. "அந்தக் கறி பன்லேர்ந்து நம்ம வழக்கம் அதுதானே?"

"என்னது? தோத்ததுக்காடா கொடுத்தேன்? நான் அண்ணன்னு கொடுத்தேன்டா!"

"அப்படியா?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டதுபோல இடுக்கியைக் கீழே வைத்தான். "நான் அப்படி நெனைக்கவே இல்லையே. பாரு, தோத்தாலும் கணக்கை அங்கங்கயே தீர்த்துடறார், என்ன நேர்மையான மனுஷன்னு இல்ல நெனச்சுட்டு இருந்தேன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் உங்களைத் தாண்டி அடிக்கணும்னு அவ்வளவு ஆசை."

தொகிதா பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அடுப்புப் புகைதான் கண்ணை என்னவோ செய்தது. பிறகு பர்ஸைப் பைக்குள் போட்டார். ஹயாசேயின் முன்னால் இருந்த இடுக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி. தோத்தவன் காசு கொடுக்கட்டும். அப்ப ஜெயிச்சவன் கறி புரட்டறேன். அம்மா, இன்னொரு தட்டு விலாக் கறி கொண்டாங்க!"

இத்தனை வருடத்தில் அவர் இடுக்கியைத் தொட்டதே இல்லை. முதல் துண்டு கரியடுப்பின் இடுக்கில் விழுந்தது. இரண்டாவது ஒட்டிக்கொண்டது. ஹயாசே கைகளைக் கட்டிக்கொண்டு, பெரியவர்கள் உட்காரும் தோரணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வேடிக்கை பார்த்தான்.

"அண்ணே" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "கருகுது."

"பேசாம சாப்பிடுடா" என்றார் தொகிதா.